டெஸ்பாட்ச் சாரிடம் விசாரித்தால்

திருச்சி ஜில்லாவில் செவ்வாய் தோஷத்தைவிட அதிகமான கல்யாணங்களை நிறுத்தியவர் எங்கள் டெஸ்பாட்ச் சார்தான். பாலக்கரையில் நான் வேலை பார்த்த உரக் கம்பெனி ஆபீஸில் தபால் அனுப்பும் கிளார்க். அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்தது. சம்பளம் போடுகிறவரைத் தவிர யாரும் அதை உபயோகித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போவார். திங்கள் முதல் சனி வரை பொய் சொல்ல மாட்டார். ஞாயிற்றுக்கிழமை நிலவரம் எனக்குத் தெரியாது, ஆபீஸ் லீவு.

பெரிய பொய் மட்டுமில்லை, சில்லறைப் பொய்கூடக் கிடையாது. மானேஜர் அறைக்குள் உட்கார்ந்துகொண்டே, "யாராவது போன்ல கேட்டா நான் இல்லேன்னு சொல்லிடுங்க" என்பார். டெஸ்பாட்ச் சார் ரிசீவரை எடுத்து, "இருக்காருங்க. பேச இஷ்டமில்லையாம்" என்பார். லீவு லெட்டரில் நாங்கள் காய்ச்சலையும் வயிற்றுவலியையும் மாற்றி மாற்றி எழுதுவோம். அவர் எழுதிய காரணம்: 'வீட்டில் சும்மா இருக்க ஆசை.' மானேஜர் அதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபீஸுக்குள் நடக்கிற வரை இதெல்லாம் வேடிக்கைதான். ஆனால் நம் பக்கத்தில் பெண் கொடுப்பதற்கு முன், பையன் வேலை பார்க்கிற இடத்துக்கே வந்து விசாரிப்பார்கள். விசாரித்தால் "தங்கமான பையன்" என்று சொல்லிவிட வேண்டும். அது எழுதாத சட்டம். என்னோடு வேலை பார்த்த சேகருக்குப் பெண் கொடுக்க முசிறியிலிருந்து ஒருவர் வந்தார். நாலு பேரிடம் தங்கம் வாங்கிக்கொண்டவர், சும்மா இருக்காமல் டெஸ்பாட்ச் சாரிடமும் போனார்.

"நல்லவருங்க. ஆனா தினம் குடிப்பார்."

முசிறிக்காரர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார். சேகர் குதித்தான். "ஒரு வார்த்தை நல்லதா சொல்லியிருந்தா உங்க ஏசு கோவிச்சுக்குவாரா சார்?"

சார் கவருக்கு ஸ்டாம்பு ஒட்டிக்கொண்டே சொன்னார்: "'சர்ச்சுக்குப் போறவரு, சொன்னா நம்பலாம்'னு தேடி வந்து கேக்கறாங்க தம்பி. நான் பொய் சொன்னா என் பேரு மட்டுமா கெடும்?" பிறகு குரலை இறக்கி, "அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார்.

இதைக் கேட்டு சேகர் திருந்திவிட்டான் என்று எழுத எனக்கும் ஆசைதான். அன்று சாயங்காலமே குடிக்கப் போனான்.

அடுத்தது என் முறை. வயது முப்பத்திமூன்று, ஏற்கெனவே மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. லால்குடிப் பெண்ணை நேரில் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இவள் இல்லாவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அவளுடைய அப்பா வெள்ளிக்கிழமை விசாரிக்க வருகிறார் என்று தகவல் வந்தது. மானேஜர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அன்றைக்கு டெஸ்பாட்ச் சாரை ஸ்ரீரங்கத்து டீலரிடம் தபாலோடு அனுப்பிவைத்தேன். சேகரே என் முதுகில் தட்டிக்கொடுத்தான்.

மத்தியானம் ஆபீஸ் எதிரில் ஒன்றாம் நம்பர் பஸ் நின்றது. டெஸ்பாட்ச் சார் இறங்கினார். பின்னாலேயே கையில் துளசியும் பிரசாதப் பையுமாக ஒரு பெரியவர் இறங்கினார்.

"உங்களைப் பார்க்கத்தான் லால்குடியிலேருந்து வந்திருக்காரு" என்றார் சார், சந்தோஷமாக. "ரெங்கநாதரைச் சேவிச்சுட்டு கோபுரத்துக்கிட்ட நம்ம ஆபீஸுக்கு வழி கேட்டாரு. கையோட கூட்டிட்டு வந்துட்டேன். வழியெல்லாம் உங்களைப் பத்திதான் பேச்சு!"

வழியெல்லாம் என்றால் காவிரிப் பாலம், சத்திரம் பஸ் ஸ்டாண்டு, மெயின்கார்டு கேட், அத்தனை டிராபிக். பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேறு யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தயாராக நின்ற நாலு தங்கமும் வீணாய்ப் போயிற்று. "வரேங்க" என்று கிளம்பிவிட்டார். நான் அடுத்த ஒரு வாரம் முழுக்க டெஸ்பாட்ச் சாரோடு பேசவில்லை. அவர் பாட்டுக்குத் தினமும் எனக்கு குட்மார்னிங் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்புறம் லால்குடியிலிருந்து சம்மதம் வந்தது. எப்படி வந்தது என்பது மறுவீட்டு விருந்தில்தான் தெரிந்தது. மாமனார் சொன்னார்: "மத்தியானம் சாப்பிட்டா மேஜையிலயே தூங்குவீங்கன்னாரு. கோவம் வந்தா வாரக்கணக்கா பேச மாட்டீங்கன்னாரு. எடுத்த பொருளை எடுத்த எடத்துல வைக்க மாட்டீங்கன்னாரு. சத்திரத்துலயே எறங்கி லால்குடி பஸ்ஸைப் புடிச்சிடலாம்னு பார்த்தேன் மாப்பிள்ளை."

"அப்புறம்?"

"குடி உண்டான்னு கேட்டேன். 'இல்லீங்க. யார் மேலயும் கை ஓங்க மாட்டார். நம்பிக் குடுக்கலாம்'னாரு. அவ்வளவு குறை சொன்ன மனுஷன் இதையும் சொல்றாரு. இதுக்கு மேல யாரைப் போய்க் கேக்கறது?"

சமையலறைக்குள்ளிருந்து என் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்த மூன்று குறைகளில் எதையும் அவள் இன்று வரை மறக்கவில்லை.

டெஸ்பாட்ச் சார் போன வருஷம் காலமாகிவிட்டார். இப்போது என் பெண்ணுக்குத் தில்லைநகரில் ஓர் ஆபீஸில் வேலை பார்க்கிற பையனைப் பேசியிருக்கிறோம். போன வாரம் நானே விசாரிக்கப் போனேன். கேட்டவர்கள் அத்தனை பேரும் தங்கம் என்றார்கள். ஒரு குறைகூட யாரும் சொல்லவில்லை. வெளியே வந்து, என் நெற்றி நிறைய விபூதியோடு வாட்ச்மேனிடம் கேட்டேன்:

"இங்க சர்ச்சுக்குப் போறவங்க யாராவது இருக்காங்களா?"

"நாலஞ்சு பேர் இருக்காங்க சார். நீங்க யாரைப் பார்க்கணும்?"

நான் பார்க்க வேண்டியவருக்கு மண் போட்டுவிட்டு வந்தாயிற்று. அவர் இல்லாத திருச்சியில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கப் பயமாக இருக்கிறது.