வலி போனதை யாரிடமும் சொல்லாதீர்கள்

அன்பும் மரியாதையும் உள்ள மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் எழுதுவது. இங்கே அம்மாவும் அண்ணனும் நலம். அங்கே நீங்களும் அத்தையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் வயிற்றை மட்டும் நலம் என்றும் எழுத முடியவில்லை, நலமில்லை என்றும் எழுத முடியவில்லை. எக்ஸ்ரே எடுக்கிற உங்களுக்கு ஆட்களின் உள்ளே இருப்பதைப் பார்த்துப் பழக்கம் என்பதால் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

மூன்று வருஷமாக எனக்கு வயிற்றுவலி. அதனால்தான் ஒன்பதாம் வகுப்போடு நின்றேன். ஸ்கேனில் ஒன்றுமில்லை, ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று வந்ததும், கணக்குப் பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறேன் என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டான். அம்மா ஒன்றுமே சொல்லவில்லை. அது அதைவிடச் சந்தேகமாக இருந்தது. இரண்டு மாதம் முன்பு புது டாக்டர் ஒருவர் கேட்டதற்கெல்லாம் நான் தரையைப் பார்த்துத் தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேனோ, ஒரு மாத்திரை எழுதிவிட்டார். மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் சீட்டைப் பார்த்தார். "மனச்சோர்வுக்குக் குடுக்கிறதாச்சே, யாருக்கும்மா?" என்றார். எனக்குப் பின்னால் அண்ணன் நின்றிருந்தான். அதற்கு மேல் எழுத வேண்டுமா மாமா?

"நான் அப்பவே சொல்லல? வயித்துல ஒண்ணுமில்ல, எல்லாம் மண்டையிலதான்" என்று தெருவே கேட்கும்படி சொல்லிக்கொண்டு வந்தான். அம்மா திரும்பப் போய் டாக்டரிடமே கேட்டாள். வயிற்றுக்கும் மூளைக்கும் நடுவே நரம்பு இருக்கிறதாம், எனக்கு அது சின்ன விஷயத்துக்கும் பெரிதாகக் கத்துகிறதாம், இந்த மாத்திரையைக் கொஞ்சமாகக் கொடுத்தால் அந்தச் சத்தம் அடங்குமாம். "வலி நிஜம்தாம்மா" என்றாராம். தலையாட்டுகிற பிள்ளைகளைப் பற்றி எல்லா டாக்டரும் அப்படித்தான் சொல்வார்கள். நாய் குரைப்பதை நிறுத்தினால் திருடன் போய்விட்டான் என்றா அர்த்தம்? நாய்க்கு யாரோ எதையோ போட்டிருக்கலாம்.

அதனால் சோதித்துப் பார்த்தேன். நான் வேலைக்குப் போகிற தையல்கடையில் பட்டன் தைக்கும்போது வேண்டுமென்றே விரலில் ஊசியைக் குத்தினேன். நன்றாகவே வலித்தது. ஆக இந்த மாத்திரை விரலை விட்டுவிட்டு வயிற்றை மட்டும் தேடிப் போகிறது. அதற்கு வழி சொன்னது யார்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பத்து நாளாக எனக்கு வலியே இல்லை மாமா. யாருக்கும் தெரியாது. மனசு மாத்திரையில் வலி போச்சு என்று சொன்னால், அண்ணன் சொன்னது சரி என்று ஆகிவிடும், மூன்று வருஷமும் பொய், பள்ளிக்கூடத்தை விட்டதும் பொய். அதனால் தினமும் முனகுகிறேன். நிஜமாக வலித்தபோது நடிக்கிறாள் என்றவன், இப்போது நடிக்கும்போது "ரொம்ப வலிக்குதாடி?" என்று வெந்நீர் கொண்டுவருகிறான். அடுத்த வெள்ளிக்கிழமை டாக்டர் கேட்பார். வலிக்கிறது என்றால் மாத்திரையைக் கூட்டுவார். இல்லை என்றால் நான் பொய்க்காரி. எந்தப் பக்கம் தலையாட்ட? உடனே எழுதுங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். குட்டிப் பயலுக்கு முத்தம். இந்த இரண்டிலும் நடிப்பு இல்லை.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்

பி.கு.: தம்பி, இது அக்கா. தபாலில் போடச் சொல்லி ஒட்டிக் கொடுத்தாள். பிரித்தது தப்புதான், அப்புறம் திட்டிக்கொள். பத்து நாளாக இவள் போடும் சத்தத்தில் பக்கத்து வீட்டம்மா "உங்க வீட்ல யாருக்குப் பிரசவம்?" என்று கேட்கிறாள். வயிறு வலிக்கிறது என்று விலாவைப் பிடிக்கிறாள். முனகிக்கொண்டே மூன்றாம் தடவை சோறு போட்டுக்கொள்கிறாள். நிஜமாக வலித்த நாளில் வாயே திறக்க மாட்டாள், சுவர்ப்பக்கம் திரும்பிச் சுருண்டு கிடப்பாள். அதைப் பார்த்தும் எனக்குள் ஒரு சந்தேகம் இருந்தது தம்பி, இல்லை என்று சொல்ல மாட்டேன். இப்போது இல்லை. இவ்வளவு மோசமாக நடிக்கிற பிள்ளை மூன்று வருஷம் நடித்திருக்க முடியாது. இதை அவளிடம் இன்றைக்கே சொல்லப் போகிறேன். டாக்டரிடமும் நானே பேசிக்கொள்கிறேன். நீ பதில் எழுதாதே, எழுதினால் அதையும் பிரிப்பேன்.