நெவில் டிரான்டரின் டென்னிஸ் பந்து வைத்தியம்

உயிரே போனாலும் அந்த யானைத் தும்பிக்கையை மூஞ்சியில் மாட்டிக்கொண்டு தூங்கமாட்டேன் என்று நெவில் டிரான்டர் சபதம் செய்தார். புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் பவுல்ஸ் கிளப்பில், மேஜையை அடித்து, நண்பர்கள் டெஸ்ஸும் முர்ரேயும் சாட்சியாக. உயிர் போய்விடக்கூடாது என்பதற்காகத்தான் டாக்டர் அதை மாட்டச் சொன்னார் என்பதை மட்டும் கிளப்பில் சொல்லவில்லை.

டெமோரா என்ற ஊர்ப் பக்கத்தில் கோதுமை லாரி ஓட்டுபவர் நெவில். லாரி என்றால் ஒரு தெரு நீளம். போன மாதம் தானியக் கிடங்கு வாசலில் வரிசையில் நின்றபோது ஸ்டியரிங் மேலேயே தூங்கிவிட்டார். முன்னால் இருந்த லாரிகள் எல்லாம் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டன. பின்னால் இருந்தவர்கள் அடித்த ஹாரனில் ஊரே எழுந்தது, நெவிலைத் தவிர.

முதலாளி டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் தூக்க கிளினிக்குக்கு அனுப்பினார். அங்கே தலையெல்லாம் ஒயரை ஒட்டிப் படுக்கவைத்து, தூக்கத்தில் தொண்டை அடைத்து இவருக்கு மூச்சு நின்று நின்று வருகிறது என்று கண்டுபிடித்தார்கள். வைத்தியம் ஒரு சின்னப் பெட்டி, ஒரு குழாய், மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க். பெட்டி காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும், தொண்டை அடைக்காது. ஒரு மாதம் ஒழுங்காக மாட்டித் தூங்கினால் டாக்டர் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து இல்லாவிட்டால் லாரி லைசென்ஸ் கிடையாது. அறுவடையோ தலைக்கு மேல் நின்றது.

"மாட்டித்தான் பாரேன், நெவ்" என்றாள் அவர் மனைவி கிளெனிஸ்.

"மாட்டினா போர் விமானம் ஓட்டுறவன் மாதிரி இருக்கேன்."

"இருந்துட்டுப் போ. மாட்டலைன்னா கோதுமை லாரிகூட ஓட்ட முடியாது."

"என்னை அந்தக் கோலத்துல பார்த்தா உனக்கு ஆசை வருமா?"

"உன் குறட்டைக்குப் பயந்து நான் அடுத்த ரூமுக்குப் போய் ஆறு வருஷம் ஆச்சு. இப்பத்தான் அந்தக் கவலை வந்துச்சா உனக்கு?"

நெவில் சபதத்தையும் விடவில்லை, லைசென்ஸையும் விடவில்லை. மூளையை உபயோகித்தார். அதுதான் எப்போதும் அவருக்கு வரும் வினை. முதல் ராத்திரி பெட்டியை ஓடவிட்டு, மாஸ்க்கைத் தலையணை மேல் வைத்துவிட்டுத் தூங்கினார். அந்தப் பெட்டி ராத்திரி நடந்ததையெல்லாம் காலையில் தானாகவே கிளினிக்குக்குச் சொல்லிவிடும் என்பது அவருக்குத் தெரியாது. அங்கிருந்து நர்ஸ் போன் செய்தாள்.

"நெவில், நல்லா இருக்கீங்களா?"

"நல்லாத்தான் இருக்கேன். ஏன்?"

"மெஷின் ராத்திரி பூரா ஓடியிருக்கு. ஆனா யாரும் மூச்சே விடலை. அதான் கேட்டுக்கலாம்னு."

ஆக, யாராவது மூச்சு விட வேண்டும். யார் என்று சொல்லவில்லையே. நெவிலின் கண் மெதுவாகக் கட்டிலின் காலடியில் படுத்திருந்த சார்ஜன்ட் மேல் விழுந்தது. சார்ஜன்ட் கிழட்டு லாப்ரடார். அந்த வீட்டில் நெவிலுக்கு அடுத்தபடியாகக் குறட்டை விடுவது அதுதான். மாஸ்க் நெவிலை விட அதற்குத்தான் கச்சிதமாகப் பொருந்தியது. கிளெனிஸ் இறைச்சிக் கடையில் வேலை பார்ப்பதால் வீட்டில் சாசேஜுக்குப் பஞ்சமில்லை. ஒரு சாசேஜைக் காட்டினால் சார்ஜன்ட் மாஸ்க் என்ன, கோட்டு சூட்டே போட்டுக்கொள்ளும்.

மறுநாள் நர்ஸ் மறுபடியும் போன் செய்தாள்.

"ரொம்ப நல்லது நெவில், இந்தத் தடவை மூச்சு இருக்கு. ஆனா கொஞ்சம் வேகமா இருக்கு. ஓடின மாதிரி. கெட்ட கனவு ஏதாவது கண்டீங்களா?"

"ஆமா. பூனை ஒண்ணைத் துரத்தினேன்."

அதற்கப்புறம் போனே வரவில்லை. சார்ஜன்ட் பழகிவிட்டது என்று நெவில் நினைத்துக்கொண்டார்.

தன் மூச்சுக்கு அவர் தனியாக ஒரு வைத்தியம் வைத்திருந்தார். பழைய டென்னிஸ் பந்தை ஒரு காலுறைக்குள் போட்டு, பனியன் முதுகில் தைத்துக்கொண்டார். மல்லாந்தால் பந்து குத்தும். ஒருக்களித்தே படுக்க வேண்டும். என்ன ஆச்சரியம், ஒரு வாரத்தில் ஆளே மாறிவிட்டார். காலையில் துள்ளி எழுந்தார். பகலில் கொட்டாவி வரவில்லை. குளிக்கும்போது பாடினார்.

"கிளென், என் முகம் எப்படி இருக்கு?"

"தெளிவா இருக்கு. கன்னத்துல மட்டும் கோடு விழுந்திருக்கு."

"தலகாணிக் கோடு."

"தலகாணிக் கோடுதான்" என்றாள் கிளெனிஸ், தேநீரைக் கலக்கிக்கொண்டே.

மாதம் முடிந்தது. டாக்டர் முதுகில் தட்டிக் கையெழுத்துப் போட்டார். நெவில் அறுவடை முழுக்க ஓட்டினார். பெட்டி இன்னும் தினமும் கிளினிக்குக்குச் சொல்லிக்கொண்டிருந்ததால் சார்ஜன்ட்டின் ராத்திரி வேலையும் தொடர்ந்தது. கிளப்பில் அவர் வைத்ததே சட்டம். டெஸ்ஸும் முர்ரேயும் பனியனில் பந்து தைத்துக்கொண்டார்கள். டெஸ் முதல் ராத்திரியே பந்து மேல் உருண்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டான். "பந்துல குத்தமில்ல, உன் படுக்கையில குத்தம்" என்று நெவில் தீர்ப்புச் சொன்னார்.

அறுவடை முடிந்த மகிழ்ச்சியில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மத்தியானம் நெவில் வீட்டில் விருந்து. பின்வாசலில் அடுப்பு, உள்ளே டிவியில் கிரிக்கெட். கிளெனிஸ் வெளியே சாசேஜைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது நெவில் நண்பர்களைக் கிட்டே கூப்பிட்டார்.

"டேய், ஒரு ரகசியம் சொல்றேன், வெளிய விடாதீங்க. சபதம் பண்ணின மாதிரியே நான் அந்த மாஸ்க்கை ஒரு நாள்கூட மாட்டினதில்ல."

"அப்புறம் டாக்டர் எப்படிடா கையெழுத்துப் போட்டாரு?" என்றான் முர்ரே.

"மாட்டினவன் சார்ஜன்ட். டாக்டர் லைசென்ஸ் குடுத்தது நாய்க்கு. லாரி ஓட்டுறது நானு."

டெஸ் இடுப்பு வலியையும் மறந்து சிரித்தான். "கிளெனிஸுக்குத் தெரியுமா?"

"அவளுக்கென்ன தெரியும், பாவம். கதவைச் சாத்திக்கிட்டுத் தூங்கறவ."

வெயில், பீர், வயிறு நிறைய ஆட்டுக்கறி. மூன்றாவது ஓவரில் நெவில் சாய்வு நாற்காலியில் மல்லாந்துவிட்டார். அன்றைக்குப் பந்து வைத்த பனியன் இல்லை. குறட்டை எழும்பியது, ஜன்னல் அதிர்ந்தது, அப்புறம் சட்டென்று நின்றது.

முகத்தில் ஈரமாக ஏதோ விழுந்ததும் நெவில் விழித்தார். மாஸ்க். எச்சிலோடு. படுக்கையறையிலிருந்து குழாயோடு பிய்த்து இழுத்துக்கொண்டு வந்து அவர் மூஞ்சி மேல் போட்டுவிட்டு, சார்ஜன்ட் நேராக உட்கார்ந்திருந்தது. அது நெவிலைப் பார்க்கவில்லை. வாசற்படியில் இடுக்கியோடு நின்ற கிளெனிஸைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் ஒரு சாசேஜைத் தூக்கிப் போட்டாள். சார்ஜன்ட் அந்தரத்திலேயே பிடித்தது.

டெஸ்ஸும் முர்ரேயும் கிரிக்கெட்டை மறந்தார்கள்.

"இது... இது என்ன கிளென்?" என்றார் நெவில்.

"தினமும் நடக்கறதுதான். நீ முழிச்சிருந்து பாக்கறதுதான் புதுசு."

"தினமுமா?"

"நாய் ராத்திரி பூரா மாட்டியிருந்தது ஒரே ஒரு நாள்தான். மறுநாள் நான் எட்டிப் பாத்தேன், கட்டிலுக்குக் கீழ அவன் மாஸ்க்கோட படுத்திருக்கான், மேல நீ மூச்சில்லாம கெடக்கற. கழட்டி உனக்கு மாட்டினேன். நீதான் இடி விழுந்தாலும் எழுந்திரிக்க மாட்டியே. விடியறதுக்குள்ள திரும்ப அவனுக்கு மாட்டிடுவேன். அவனுக்கு உன்கிட்ட ஒரு சாசேஜ், என்கிட்ட ஒரு சாசேஜ். கொஞ்ச நாள்ல உன் குறட்டை கேட்டதும் அவனே கழட்டிக் கொண்டாந்து உன் மூஞ்சி மேல போட ஆரம்பிச்சுட்டான்."

நெவில் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். தலையணைக் கோடு.

"அப்போ பந்து?"

"பந்து ரொம்ப உதவி நெவ். நீ ஒருக்களிச்சுப் படுத்தாத்தான் உன் தலைக்குப் பின்னால பட்டையை மாட்ட எனக்கு வசதி."

முர்ரே கிளாஸுக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டான். டெஸ் இடுப்பைத் தடவிக்கொண்டான்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ மாட்டிக்குவியா? கிளப்புல சபதம் பண்ணினவனாச்சே" என்றாள் கிளெனிஸ். அப்புறம் அவள் குரல் இறங்கியது. "இத்தனை வருஷமா என்னைத் தூங்கவிடாதது உன் குறட்டைன்னு நெனச்சுக்கிட்டிருக்க. குறட்டை இல்ல நெவ். அது நிக்கும் பாரு, அப்பத்தான். அடுத்த மூச்சு வருமா வராதான்னு சுவத்துக்கு அந்தப்பக்கம் காதை வச்சுக்கிட்டுக் கெடப்பேன். இந்த ரெண்டு மாசமாத்தான் நானும் தூங்கறேன்."

டிவியில் யாரோ அவுட் ஆனார்கள், அதைக்கூட ஒருவரும் பார்க்கவில்லை. மனைவி எத்தனை ராத்திரி தனக்காக விழித்திருப்பாள் என்று நினைத்ததும் நெவிலுக்கு வெட்கமாகவும் இருந்தது, அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. நண்பர்கள் இருந்ததால் இரண்டையும் காட்டிக்கொள்ளாமல், மாஸ்க்கைச் சட்டையில் துடைத்து, டெஸ்ஸும் முர்ரேயும் பார்க்கப் பார்க்க, தன் கையாலேயே மூஞ்சியில் வைத்துப் பின்பட்டையை இழுத்து மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கிளெனிஸ் அடுப்புப் பக்கம் திரும்பியபடியே ஒரு சாசேஜை எடுத்து அவர் தட்டில் போட்டாள்.