சாவியைக் காப்பாற்ற ஒரு பேருந்துப் போராட்டம்

மனைவியிடம் ஸ்கூட்டர் சாவியைக் கொடுப்பதைவிடப் புனே நகரத்துப் பேருந்துகளைத் திருத்திவிடுவதே மேல் என்று கஜானன் பெண்ட்சே முடிவு செய்தார்.

புனேயின் பழைய பேட்டைகளில் ஒன்றான நாராயண் பேட்டில் அவரை அறியாதவர் கிடையாது. வங்கியில் இருந்தவரை வாடிக்கையாளர்களைத் திருத்தினார். ஓய்வு பெற்றபின் அக்கம்பக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். பேட்டைக்காரர்களின் வழக்கப்படி வாயைத் திறக்காமல், பலகை எழுதி மாட்டித்தான் திருத்துவார். வாசலில் ஒன்று: "மணியை ஒருமுறை அடித்தால் போதும். எங்களுக்குக் காது கேட்கும்." மாடிப்படியில் இன்னொன்று: "பெண்ட்சே வீடு அடுத்த மாடியில். மூச்சு வாங்கினால் நாங்கள் பொறுப்பல்ல." ஸ்கூட்டரின் பின்புறத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை: "ஹாரன் அடித்தால் இந்த வண்டி பறக்காது. அவசரமென்றால் நேற்றே கிளம்பியிருக்கலாமே." தெருவில் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட அது மனப்பாடம்.

அந்த ஸ்கூட்டரைத்தான் வசுதா கேட்டாள். காலையில் ஒரு பாலர் பள்ளியில் அவளுக்கு வேலை. அந்தப் பக்கம் போகும் பேருந்து மனம் வைத்தால் வரும். மனம் வைத்த நாளில் இரண்டாக ஒன்றன்பின் ஒன்று வந்து, நிற்காமல் போகும்.

"ஏங்க, வண்டி சும்மாதானே நிக்குது? காலையில நான் எடுத்துட்டுப் போய்ட்டு வந்துடறேனே."

"உனக்கு ஓட்டத் தெரியாது."

"கத்துக்கறேன்."

"இந்த வயசுலயா? இந்த நெரிசல்லயா? விழுந்து கையக் கால ஒடச்சுக்கிட்டா யார் பாக்கறது?"

"நீங்கதான் பாக்கணும்."

"அதுக்குத்தான் சொல்றேன்."

வசுதா அதற்குமேல் வாதாடவில்லை. "அப்ப பஸ்ஸையாவது ஒழுங்கா வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவல் போஹா தாளிக்கப் போய்விட்டாள். அவள் விளையாட்டாகச் சொன்னதைப் பெண்ட்சே வினையாக எடுத்துக்கொண்டார்.

ஒரே வாரத்தில் பேருந்துப் பயணிகள் உரிமைக் குழு பிறந்தது. தலைவர் அவரே. செயலாளர் எதிர்வீட்டு லிமயே. பதாகை அச்சிடும் கடை வைத்திருந்ததால் அவருக்கு வேறு தகுதி தேவைப்படவில்லை. பேருந்து அடிக்கடி வர வேண்டும், அதற்குத் தனிப்பாதை வேண்டும், நிறுத்தத்தில் வேறு வண்டி எதுவும் நிற்கக் கூடாது என்று மூன்று கோரிக்கைகள் எழுந்தன. முதல் கூட்டத்துக்குத் தலைவர் ஸ்கூட்டரைத் துடைத்துக் கிளப்பப் போனபோது வசுதா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பஸ் வேணும்னு பேசப் போறவர் ஸ்கூட்டர்ல போய் இறங்கினா ஊர் என்ன பேசும்?"

ஊர் என்ன பேசும் என்று பெண்ட்சேவுக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அவரே அப்படித்தான் பேசுவார். வண்டிக்கு உறை போர்த்தினார். சாவியை ஆணியில் மாட்டினார். அன்றுமுதல் காலை முழுவதும் பேருந்து நிறுத்தத்தில் நின்று கண்காணித்தார். மதியத் தூக்கத்துக்கு வீடு திரும்பும்போது வண்டி உறைக்குள் சாதுவாக நிற்கும். வசுதாவும் வந்திருப்பாள்.

கண்காணிப்பில் ஒரு குற்றவாளி அகப்பட்டாள். சாம்பல் நிற ஸ்கூட்டரில் தினமும் வந்து, சரியாக நிறுத்தத்தின் நடுவில் நிற்பாள். காத்திருக்கும் ஒரு டீச்சரம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பறப்பாள். அதற்குள் பேருந்து வந்துவிட்டால் ஒதுங்க இடமில்லாமல் நடுச்சாலையில் நிற்கும். யாரென்று பார்க்கலாமென்றால், புனேயில் வண்டி எடுக்கும் பெண்கள் துப்பட்டாவைத் தலையோடு முகத்தோடு இறுக்கிச் சுற்றிக்கொள்வார்கள். கண் மட்டும்தான் தெரியும். பெற்ற தாய்கூட வழிகேட்டுவிட்டுப் போய்விடுவாள். சாம்பல் நிற ஸ்கூட்டரோ ஊரில் பாதிப் பேரிடம் இருக்கிறது. வண்டி எண்ணைப் படிக்கலாமென்றால், பெண்ட்சே வெளியில் கண்ணாடி போடுவதில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது பெண்ட்சே பொருமினார்.

"என்ன திமிருங்கற? என் மூஞ்சியப் பாத்து ஹாரன் வேற அடிக்கறா."

"அடப்பாவமே. என்ன கலர் துப்பட்டா?" என்றாள் வசுதா, பருப்பு ஊற்றியபடி.

"பச்சை. ஆனா ஒண்ணு சொல்லணும், வண்டிய நல்லா ஓட்டறா. அந்த நெரிசல்ல வளைச்சு எடுக்கறா பாரு, அதெல்லாம் உனக்கு வராது."

வசுதா அவருக்கு இன்னொரு கரண்டி நெய் விட்டாள்.

போக்குவரத்து அதிகாரி நேரில் வருவதாக ஒப்புக்கொண்ட பெரிய கூட்டத்துக்கு முன்னால், பெண்ட்சே அந்தப் பெண்ணைப் பின்னாலிருந்து கைபேசியில் படமெடுத்தார். கண்ணாடி போடாமல்தான் எடுத்தார். அப்படியே லிமயேவுக்கு அனுப்பினார். லிமயேவும் சரியாகப் பார்க்காமலே அதை மேடை அகலத்துக்குப் பெரிதாக்கி, "பேருந்து ஏன் தாமதம்? இவர்களால்!" என்று மேலே அச்சடித்துக் கட்டிவிட்டார்.

பெண்ட்சே மேடையேறிப் பதாகையைச் சுட்டிக்காட்டியபோது கூட்டத்தில் ஒரு பிள்ளை உரக்கப் படித்தது: "ஹாரன் அடித்தால் இந்த வண்டி பறக்காது." மிச்சத்தைக் கூட்டமே சேர்ந்து சொல்லி முடித்தது. பெண்ட்சே மெல்லத் திரும்பிப் பார்த்தார். ஸ்கூட்டரின் பின்புறத்தில் அவருடைய கையெழுத்து ஓர் ஆள் உயரத்துக்கு நின்றது.

அதிகாரி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். தலைவரின் வண்டியே நிறுத்தத்தை மறித்தால் பேருந்து எப்படி வரும் என்று கேட்டார். அதில் போகும் அம்மாள் யாரென்றும் கேட்டார். இரண்டாவது கேள்விக்குக் கூட்டம் முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டது. பெண்ட்சே, குழு போயிற்று, மானம் போயிற்று, எல்லாம் போயிற்று என்று நின்றார். அப்போது முன்வரிசையில் வசுதா எழுந்தாள். தோளில் பச்சைத் துப்பட்டா.

"நான்தான் சாஹேப். லிமயே வீட்டம்மா கத்துக்குடுத்தாங்க. பஸ் ஒழுங்கா வந்திருந்தா இந்த வயசுல எனக்கு இது எதுக்கு? என் வீட்டுக்காரர் சொல்ற புகாருக்கு நானே சாட்சி. நிறுத்தத்துல நின்னது தப்பு, இனிமே நிக்க மாட்டேன்."

கூட்டம் கைதட்டியது. வசுதா உட்காரவில்லை.

"பஸ் மேல அவருக்கு எவ்வளவு நம்பிக்கை தெரியுமா? வண்டிய எனக்கே குடுத்துட்டு, இனிமே ஆயுசுக்கும் பஸ்லதான் போவேன்னு இருக்காரு. இல்லீங்களா?"

இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கையில் பெண்ட்சே என்ன செய்வார்? தலையாட்டினார். கைதட்டல் இருமடங்கானது. இப்படியொரு தலைவரைத் தான் பார்த்ததில்லை என்று அதிகாரியே உருகிவிட்டார். மூன்று கோரிக்கைகளும் அங்கேயே ஏற்கப்பட்டன.

மழைக்காலம் முடிவதற்குள் தனிப்பாதை வந்தது. பேருந்துகள் அடிக்கடி, அதுவும் நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு போயின. கடைக்காரர்கள் பெண்ட்சேவுக்குக் கும்பிடு போட்டார்கள். அந்தத் தெம்பில் ஒருநாள் அவர் பேச்சை எடுத்தார்.

"வசுதா, இப்பதான் பஸ் நல்லா வருதே. நீ பஸ்லயே போகலாமே. சாவிய..."

"இவ்வளவு நல்லா பஸ் வரும்போது உங்களுக்கு எதுக்குங்க ஸ்கூட்டர்?"

பெண்ட்சே சட்டையை மாட்டிக்கொண்டு நிறுத்தத்துக்குப் போனார். அவர் போய் நின்றதுமே பேருந்து வந்துவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்தார். முன்னால் சாம்பல் நிற ஸ்கூட்டர் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்புறத்தில் அவருடைய பழைய எழுத்தைக் காணோம். வசுதாவின் முத்தான கையெழுத்தில் புதிதாக ஒன்று ஒட்டியிருந்தது. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"ஹாரன் அடிக்கலாம். என் கணவர் பின்னால் பேருந்தில் வருகிறார், தூங்கிவிடப் போகிறார்."