பசை டாக்டரும் என் முன்பல்லும்

திருவண்ணாமலையில் மலைக்கு அடுத்தபடியாக அசைக்க முடியாதது எங்கள் பசை டாக்டரின் பிடிவாதம்தான். வேங்கிக்காலில் பல் கிளினிக் வைத்திருந்தார். ரூட் கெனால் செய்த பல்லில் கேப் ஒட்டுவதென்றால் அவருக்குக் கும்பாபிஷேகம் மாதிரி, நாள் பார்க்காமல் செய்யமாட்டார். வேரைக் கழுவிய மருந்தின் வீரியம் அடங்காமல் பசை போட்டால் நிற்காது என்பது அவர் கட்சி.

ஒட்டிய பிறகும் விடமாட்டார். கல்யாணப் பந்தியில் தன் இலையை மறந்துவிட்டு, தன்னிடம் பல் கட்டியவர்கள் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருப்பார். பௌர்ணமிக்கு அடி அண்ணாமலையில் நின்றுகொண்டு, கிரிவலம் வருகிறவர்களில் தன் ஆட்களைப் பொறுக்கியெடுத்து வாயைத் திறக்கச் சொல்வார். ஒருமுறை ஒரு ரிடையர்டு வாத்தியாரை நிறுத்தி, "உங்க பசைக்கு இன்னியோட மூணு வயசு ஆவுது சார், கரும்பு கிரும்பு கடிச்சிடாதீங்க" என்று வாழ்த்தினார்.

நானும் அவரிடம் மாட்டினேன். அரசாங்க ஆபீசில் எனக்கு கிளார்க் வேலை. தீபத் திருவிழாவில் காணாமல் போனவர்களை மைக்கில் அறிவிக்கிற டியூட்டியை வருஷாவருஷம் என் தலையில்தான் கட்டுவார்கள். அந்த வருஷம் கொடியேற்றத்துக்கு முந்தின நாள்தான் என் முன்பல்லுக்கு ரூட் கெனால் முடிந்தது. கேப் ஒட்ட ஒரு வாரம் ஆகும் என்றார். ஓட்டைப் பல்லோடு மைக்கில் பேசினால் பேர், ஊர் ஒன்றும் விளங்காது, தொலைந்தவர்கள் தொலைந்தபடியே இருப்பார்கள் என்று நான் மல்லுக்கட்டினேன். மனசே இல்லாமல் ஒட்டிவிட்டார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு பெண் குழந்தையைக் கொண்டுவந்து விட்டார்கள். பேரைக் கேட்டால் அழுகைதான் வந்தது. "பச்சைப் பாவாடை" என்று ஆரம்பித்தேன். பாவாடையோடு கேப்பும் கிளம்பி மேஜைமேல் விழுந்தது. அதற்கப்புறம் என் வாயிலிருந்து வந்ததெல்லாம் வெறும் காற்று.

இரண்டே நிமிஷத்தில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு பசை டாக்டர் வந்து நின்றார். மூன்று நாளாகச் சாயங்காலமானால் கிளினிக்கைப் பூட்டிவிட்டு, ஒலிபெருக்கிக்கு அடியில் நின்று என் பல்லைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாராம். கேப்பை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். அழுகிற வாயை எட்டிப் பார்த்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"பச்சைப் பாவாடை. நாலு வயசு இருக்கும். மேல்வரிசை முன்பல் ரெண்டுலயும் சொத்தை, வலதுபக்கம் பாதி ஒடைஞ்சிருக்கு. தாயார் சீக்கிரம் வரணும்."

தாயார் அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தாள். பச்சைப் பாவாடை ஆயிரம் இருக்கும், ஒடிந்த பல்லைச் சொன்னதும்தான் தன் பெண் என்று தெரிந்ததாம். பல் தேய்க்கும் முறையை ஐந்து நிமிஷம் பாடம் எடுத்துவிட்டுத்தான் டாக்டர் அவளை விட்டார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. என் அவசரம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று குழறினேன்.

"அவசரப்பட்டது நீங்க. ஒட்டினது நான்தானே? தள்ளி உக்காருங்க" என்றார்.

மகாதீபம் ஏற்றுகிறவரை அந்த மைக்கை அவர் விடவில்லை. தொலைந்தவர்கள் எல்லாருடைய சொத்தையும் ஊருக்கே தெரிந்துபோயிற்று. எனக்கு மட்டும் தினமும் அவர் வீட்டிலிருந்து குழைய வடித்த தயிர்சாதம் வரும். பல்லில் எதுவும் இடித்துவிடக்கூடாதாம். நான் சாப்பிட்டு முடிக்கிறவரை, எத்தனை பேர் தொலைந்து காத்திருந்தாலும், அவர் கண் என் வாய்மேலேயே இருக்கும். அப்படி ஒருத்தர் பார்த்துக்கொண்டிருக்கச் சாப்பிட்டது, அம்மாவுக்கு அப்புறம் அவர் முன்னால்தான்.