ஏறாமல் நடக்க ஒரு வழி

சேனாதிபதி தம் வாழ்நாளில் எடுத்த பெரிய முடிவுகள் எல்லாம் காலை உணவுக்கு முன்பு எடுத்தவை. உணவு முடிவதற்குள் அவற்றைப் பாண்டிச்செல்வி மாற்றிவிடுவார். முப்பதாண்டு இல்லறத்தில் இந்த ஒழுங்கு ஒரு நாளும் பிசகியதில்லை. பெயருக்குள் ஒரு சேனையையே வைத்திருந்தும், வீட்டில் சேனாதிபதியின் சொற்படி ஓடியது சுவர்க்கடிகாரம் ஒன்றுதான். அதற்குப் பேட்டரி வாங்கிப் போட்டவரும் பாண்டிச்செல்வியே.

ஆயினும் இந்த முறை எடுத்த முடிவைக் கைவிடுவதற்கில்லை. இதில் ஓர் ஊசி சம்பந்தப்பட்டிருந்தது.

முந்தைய நாள் மருத்துவர் இரத்தச் சோதனையின் முடிவைப் பார்த்தார். பிறகு சேனாதிபதியைப் பார்த்தார். பிறகு, பேசிப் பயன் உண்டாகும் இடம் எது என்பதை உணர்ந்தவராய்ப் பாண்டிச்செல்வியைப் பார்த்துப் பேசினார்.

"தினமும் நடக்கச் சொல்லுங்கம்மா. அடுத்த டெஸ்ட்ல சர்க்கரை எறங்கலேன்னா மாத்திரை போதாது. ஊசிதான். அதுவும் தினமும்."

மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளை ஒற்றைக் கையால் திருப்பியவர் சேனாதிபதி. மருத்துவர் கையிலிருந்த பேனாவைக் கண்டு அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

நடை அவருக்குப் பழக்கமில்லாத தொழில். கொடைக்கானலில் சுற்றுலா வேன் ஓட்டியவர் அவர். ஓட்டினாரே தவிர ஓடியதில்லை. தூண் பாறையில் வேனை நிறுத்துவார். வந்தவர்கள் இறங்கி நடப்பார்கள். அவர்கள் திரும்பும்வரை ஸ்டியரிங்கின்மேல் தலை சாய்த்து உறங்குவார். இப்போது அந்த வேனை அக்கா மகன் முகேஷ் ஓட்டுகிறான். சேனாதிபதி வீட்டிலிருந்தபடியே போனில் அவனுக்குக் கியர் மாற்றிக்கொண்டிருந்தார்.

வீடு மூஞ்சிக்கல் கடைவீதிக்குக் கீழே, சரிவில் இருந்தது. வீட்டுக்கும் வீதிக்கும் நடுவே படிகளும் ஓர் ஒற்றையடிப் பாதையும்தான். வண்டி வராது.

ஆகவே அன்று காலை, இட்லி தட்டுக்கு வருமுன், அவர் தொடங்கினார்.

"செல்வி, டாக்டரு நேத்து என்ன சொன்னாரு?"

"நடக்கச் சொன்னாருங்க."

"ஏறச் சொன்னாரா?"

"இல்ல."

"எறங்கச் சொன்னாரா?"

"சர்க்கரையைத்தான் எறங்கச் சொன்னாரு."

"அதை விடு. நம்ம வாசலத் தாண்டுனா நடக்குறதுக்கு எடம் எங்க கெடக்கு? ஒண்ணு ஏறணும், இல்லேன்னா எறங்கணும். இந்த ஊருல எவனும் நடக்குறதே கெடையாது. ஏறுறான், எறங்குறான். அம்புட்டுத்தான்."

"ஏரியைச் சுத்தி நடங்க. ஊரே அங்கதான நடக்குது."

"ஏரிக்கு எப்படிப் போறது?"

"மேல ஏறித்தான்."

"பாத்தியா. ஏரின்னு நீ சொன்னாலே எனக்கு ஏறின்னுதான் கேக்குது. அப்படியே போனாலும் ஒரு பக்கம் குதிரை, ஒரு பக்கம் வாடகை சைக்கிளு. நடுவுல நான் போனா என்னையும் மணிக்கு எவ்வளவுன்னு கேப்பான்."

"சரிங்க, அதனால?"

"அதனால வீட்டுக்குள்ள ஒரு டிரெட்மில் வாங்கிப் போடுறோம். இந்த மலையில நடக்குறதுக்குன்னு இருக்குற ஒரே சமதரை அதுதான்."

பாண்டிச்செல்வி இரண்டு இட்லியைத் தட்டில் வைத்தார். மூன்றாவதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"வாங்கிருவோங்க," என்றார்.

சேனாதிபதிக்கு வாயிலிருந்த இட்லி இறங்கவில்லை. எதிரே பஸ் வருமென்று ஹாரன் அடித்துக்கொண்டே வளைவில் திரும்பியவருக்கு வெறும் சாலை கிடைத்தால் வரும் திகைப்பு அது. 'வேண்டாம்' என்று மனைவி சொல்வார் என எண்ணி இரவெல்லாம் அவர் அடுக்கி வைத்திருந்த மறுமொழிகள் பயனின்றிப் போயின.

"மேல அலாவுதீன் பாய் கடையில ஒண்ணு நிக்குதாம். மரியம் அக்கா சொன்னாங்க. யாரோ காட்டேஜைக் காலி பண்றப்ப குடுத்துட்டுப் போனதாம். நம்ம வாசல்ல நுழையுமான்னு மட்டும் ஒரு எட்டு அளந்து பாத்துட்டு வந்துருங்க."

"போன்ல கேட்டாப் போச்சு."

"பாய்கிட்டப் போன்ல எதைக் கேட்டாலும் நுழையும்பாரு. யானையைக் கேட்டாலும் நுழையும்பாரு. வாங்கப் போறது நீங்க. உங்க கண்ணால பாக்க வேண்டாமா?"

வாங்கப் போவது நீங்கள் என்னும் சொல் சேனாதிபதியின் நெஞ்சை நிமிர்த்தியது. அளவு நாடாவை எடுத்தார். வாசலில் பாண்டிச்செல்வி ஒரு துணிப்பையை நீட்டினார்.

"அப்படியே இந்த ஊறுகாயை மரியம் அக்காகிட்டக் குடுத்துருங்க. பாட்டிலு, பதனம்."

பாண்டிச்செல்வியின் மலைப்பூண்டு ஊறுகாய்க்கு மூஞ்சிக்கல்லில் பெயர் உண்டு. பழைய சாமான் கடை அலாவுதீனின் மனைவி மரியம் பீவி அதற்காகத் தம் வீட்டுப் பிரியாணியையே ஒத்திவைப்பவர். ஆகவே சேனாதிபதி இதில் ஐயுறுவதற்கு ஒன்றும் காணவில்லை.

பாதை சாலையைத் தொடும் இடத்தில் வேன் ஒன்று நின்றது. முகேஷ் தலையை நீட்டினான்.

"மாமா, ஏறிக்கங்க. எங்க போகணுமோ அங்க விட்டுர்றேன்."

"ஏலே, ரெண்டாவது கியருல ஏத்த வேண்டிய ரோட்டுல மூணாவதைப் போட்டு உறும விடுற. உன் வண்டியில எவன் உக்காருவான்? போ, போ."

காரணம் கியர் அன்று. அடுத்தவர் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்தால் சேனாதிபதிக்குக் குமட்டும். ஆயுள் முழுவதும் சுற்றுலாப் பயணிகளுக்குப் பாலிதீன் பை நீட்டியவர், அந்தப் பையைத் தாம் கேட்டு வாங்கும் நிலைக்கு ஆளாக விரும்பவில்லை. நடந்தார். அதாவது, ஏறினார். பாலத்துக் கட்டையில் ஒரு முறை உட்கார்ந்தார். தபால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை நின்றார். மெஷின் வாங்கப் புறப்பட்டவர், கடைக்கு வந்து சேர்ந்தபோது வாங்கிக்கொண்டிருந்தது மூச்சு மட்டுமே.

"வாங்கண்ணே. உக்காந்து மொதல்ல மூச்சை விடுங்க," என்றார் அலாவுதீன்.

பழைய ரூம் ஹீட்டர்களுக்கும் கதவில்லாத பீரோ ஒன்றுக்கும் நடுவில் அது நின்றது. கறுப்புப் பட்டை, சிவப்புப் பொத்தான், பளபளக்கும் கைப்பிடி. சேனாதிபதி அதைப் புது வேனைத் தடவுவதுபோலத் தடவினார்.

"ஏறிப் பாக்குறீங்களாண்ணே? ஓட விடுறேன்."

"ஏறி வந்த களைப்புல இன்னொரு ஏத்தமா? அப்புறம் பாக்கலாம் பாய்."

அளந்தார். நுழையும். வெற்றியோடு வீடு திரும்பினார்.

"நுழையுதா, நல்லதாப் போச்சு," என்றார் பாண்டிச்செல்வி. "மடக்கி வைக்கலாமாங்க?"

அதை அவர் கேட்கவில்லை.

மறுநாள் கேட்டுவரப் போனார். மடக்கலாம். அதற்கு அடுத்த நாள் பாண்டிச்செல்வி ஓர் எலுமிச்சம்பழத்தைக் கூடத்தின் நடுவில் வைத்தார். அது சற்று யோசித்தது. பிறகு உருண்டு, வாசற்படியைத் தாண்டி, பக்கத்து வீட்டு முட்டைக்கோசுப் பாத்தியில் போய் நின்றது.

"எலுமிச்சம்பழமே நிக்க மாட்டேங்குது. உங்களை எப்படிங்க நிறுத்துறது? மெஷின் காலுக்கு அடியில முட்டுக் குடுக்க முடியுமான்னு கேட்டுட்டு வாங்க."

கொடுக்கலாம். பிறகு சத்தம் பற்றிய ஐயம் எழுந்தது. மேல்வீட்டுப் பெண் ஸ்வேதா பரீட்சைக்குப் படிக்கிறாள். மெஷின் போடும் சத்தம் அவள் காதில் விழுமா? கடைவீதி இரைச்சலில் அதைக் கணிக்க முடியாதாம். வெள்ளனே, ஊர் எழுமுன் போய்க் கேட்க வேண்டுமாம். சேனாதிபதி குல்லாவும் மப்ளருமாக மூடுபனிக்குள் ஏறினார். அலாவுதீன் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஷட்டரைத் தூக்கி மெஷினை ஓட விட்டார். பாண்டிச்செல்வியின் மிக்ஸியைவிடக் குறைந்த சத்தம்தான். "மழை நாள்ல பட்டை வழுக்குமாங்க?" என்பது அடுத்தது. அதை மழை நாளில்தானே பார்க்க முடியும்?

ஒவ்வொரு கேள்வியும் நியாயமானது. அதுதான் தொல்லை. 'வேண்டாம்' என்று ஒரு சொல் அவர் சொல்லியிருந்தால் சேனாதிபதி கோபித்துக்கொண்டு படுத்திருப்பார். 'வாங்கிருவோங்க' என்று தொடங்கி, 'ஒண்ணே ஒண்ணுதாங்க' என்று முடிக்கும் மனைவியிடம் எந்தக் கணவன் கோபிக்க முடியும்? சில நாள் துணிப்பையில் ஊறுகாய் இருக்கும். சில நாள் வெறும் கை. அவர் ஏறிக்கொண்டே இருந்தார்.

இடையில் ஒரு நாள் அவருக்குள் இருந்த படைத்தலைவன் விழித்தான். நடுவில் கரண்டு போனால் மெஷின் பட்டென்று நிற்குமா, மெல்ல நிற்குமா என்பது அன்றைய கேள்வி. சேனாதிபதி பாலத்தோடு நின்றுகொண்டார். அவித்த சோளக்கதிர் ஒன்றை வாங்கினார். பாலத்துக் கட்டையில் அமர்ந்து பொறுமையாகக் கடித்தார். போதிய நேரம் கழிந்தபின் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினார்.

"மெதுவாத்தான் நிக்குமாம், செல்வி. பாய் போட்டே காட்டுனாரு."

"எப்பங்க?"

"இப்பத்தான். ஒரு மணி இருக்கும்."

"இன்னைக்கு என்ன கெழமைங்க?"

"வெள்ளி."

"வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு பாய் எங்க இருப்பாரு?"

சேனாதிபதி சற்று நேரம் கடிகாரத்தைப் பார்த்தார். அதுவும் உதவவில்லை.

"பள்ளிவாசல்ல," என்றார்.

"அப்ப மெஷினை யாரு போட்டுக் காட்டுனா?"

சேனாதிபதி மப்ளரை அவிழ்த்து மடிக்கத் தொடங்கினார்.

"நாளைக்குப் போயி ஒழுங்காக் கேட்டுட்டு வாங்க. வர்றப்ப பல்லுல சோளம் இல்லாம வாங்க."

அதன்பின் அவர் பாலத்தில் உட்காரவில்லை. முதலில் அஞ்சி உட்காரவில்லை; பிறகு உட்காரத் தோன்றவில்லை; இந்த இரண்டுக்கும் நடுவிலிருந்த எல்லையை அவர் எப்போது கடந்தார் என்பதை அவரே அறியார். தபால் பெட்டி தனியே நின்றது. ஒரு குறை மட்டும் இருந்தது.

"இந்த பெல்ட்டு மட்டமான சரக்கு, செல்வி. இழுத்துக்கிட்டே போகுது."

"ஆமாங்க. இன்னொரு ஓட்டை போட்டுக்குங்க," என்றார் பாண்டிச்செல்வி, முகத்தை அடுப்பின் பக்கம் திருப்பிக்கொண்டு.

மழை முடிந்து உறைபனி தொடங்கிய வாரத்தில் அடுத்த சோதனை வந்தது. சேனாதிபதி முழுக்கைச் சட்டை அணிந்து, இரண்டு மணிக்கட்டிலும் பொத்தான் போட்டு, அதன்மேல் ஸ்வெட்டரும் மாட்டிக்கொண்டு போனார். ஊசி வருவதானால் அதற்கு வழி எளிதாக இருக்கக் கூடாது. மருத்துவர் முடிவைப் பார்த்தார். இம்முறை அவரையே பார்த்துப் பேசினார்.

"சர்க்கரை நல்லா எறங்கியிருக்கு. ஊசி வேண்டாம். என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல டாக்டர். ஒரு டிரெட்மில் வாங்கலாமான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

மருத்துவர் பாண்டிச்செல்வியைப் பார்த்தார். பாண்டிச்செல்வி சுவரில் இருந்த கண் பரிசோதனை அட்டையைப் படித்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நல்லது," என்றார் மருத்துவர். "விடாம யோசிங்க."

அன்றிரவு சேனாதிபதி ஒரு கணக்குப் போட்டார். மெஷினை நினைத்ததற்கே சர்க்கரை இவ்வளவு இறங்கியது என்றால், வாங்கிவிட்டால்? கடைவீதியின் ஹோம்மேட் சாக்லேட்டுகள் முந்திரிப் பருப்போடு அவர் கனவில் வரிசையாக வந்தன. மறுநாள் காலை, உணவுக்கு முன்பு, எழுந்து நின்று அறிவித்தார்.

"செல்வி, கேக்க வேண்டியதெல்லாம் கேட்டாச்சு. இன்னைக்கு வாங்குறேன். முகேஷை வேனோட வரச் சொல்லிட்டேன். நாலு ஆளை வச்சுப் படியில எறக்கப் போறேன். இதுல மாத்தமே இல்ல."

"மாத்தம் எதுக்குங்க? வாங்கிட்டு வாங்க," என்றார் பாண்டிச்செல்வி. "போறதுதான் போறீங்க, இதை மரியம் அக்காகிட்டக் குடுத்துருங்க."

பை வழக்கத்தைவிடக் கனத்தது. வெற்றி பெற்றவருக்குக் கனம் ஒரு பொருட்டன்று. ஒரே மூச்சில் ஏறினார். கடைக்குள் நுழைந்து, மெஷினின் கைப்பிடியைப் பற்றி, "பாய், இதைக் கட்டுங்க," என்றார். பையை மேசையின்மேல் வைத்தார்.

அலாவுதீன் எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"அண்ணே, அது விலைக்கு இல்லண்ணே."

"விலைக்கு இல்லாததையா இத்தனை நாளு அளந்து பாக்க விட்டீங்க?"

"அளக்கத்தானண்ணே விட்டேன்."

"வெளங்குற மாதிரி சொல்லுங்க பாய்."

"நீங்க மொத நாளு வந்துட்டுப் போனீங்கல்ல, அன்னைக்குச் சாயங்காலமே வத்தலக்குண்டுல இருந்து ஒருத்தரு விலை பேசுனாரு. அண்ணி போன் பண்ணி, மெஷின் கடையை விட்டு அசையக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. எடத்தை அடைச்சுக்கிட்டுக் கெடக்குமேன்னு சொன்னேன். அதுக்கு வாடகை குடுத்துர்றேன்னாங்க."

சேனாதிபதிக்குக் கோபம் வந்தது. ஏறி வந்தும் மூச்சு வாங்காததால் அந்தக் கோபத்தை முழுமையாக வெளியிடவும் முடிந்தது.

"எனக்குத் தெரியாம வாடகையா? அவ இந்தப் பக்கமே வர்றதில்லையே. எந்தப் பய அதை இங்க கொண்டாந்து குடுக்குறான்?"

அலாவுதீன் துணிப்பையின் வாயை விலக்கி உள்ளே பார்த்தார். ஒரு பாட்டிலை எடுத்து வெளியே வைத்தார். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. பை குறைவதாயில்லை.

"அடுத்த சீசன் வரைக்கும் அட்வான்ஸாவே குடுத்துவிட்டுட்டாங்கண்ணே," என்றார்.