மொட்டை மாடி இருட்டு

தெருவில் அவருக்கு ஆகாசம் என்றுதான் பெயர். குடிநீர் அலுவலகத்தில் கணக்கு எழுதுவது அவருடைய வயிற்றுப் பிழைப்பு. மொட்டை மாடியில் நட்சத்திரம் பார்ப்பதுதான் உயிர். மலைமேல் இருக்கிற வானோக்கு நிலையத்தார், "உங்க தெரு வானம் போதிய இருட்டா இருந்தா உங்க மாடியில நிரந்தரமா ஒரு அளவுக் கருவி வைப்போம், அதுக்கு ஒரு வான்காவலரையும் நியமிப்போம்" என்று சொன்ன நாளிலிருந்து மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. வான்காவலர். சொல்லிப் பார்க்கும்போதே சட்டைப் பொத்தான் தெறித்துவிடும் போலிருந்தது.

ஆனால் வானம் இருட்டாக இருந்தால்தானே? நிலையத்தார் இரவல் கொடுத்த கையடக்கக் கருவியை வானத்துக்கு நேரே பிடித்து அழுத்தினால் ஓர் எண் வரும். எண் கூடக்கூட இருட்டு அதிகம் என்று அர்த்தம். ஆகாசத்தின் மாடியில் அந்த எண் நோஞ்சானாகவே நின்றது. எதிர் பேக்கரியின் பளபள பெயர்ப்பலகை ஒரு காரணம். இன்னொன்று சொந்த வீட்டுக்குள்ளேயே இருந்தது. அவர் மனைவி தையற்காரி. சாயங்காலம் அவள் ட்யூப்லைட்டுகளைப் போட்டுவிட்டு மெஷினில் உட்கார்ந்தால், கூரைக் கண்ணாடி வழியாக வெளிச்சம் மாடிக்குப் பொங்கிக்கொண்டு வரும்.

முதலில் வீட்டைத் திருத்துவது என்று முடிவு செய்தார். உலகத்துக்கு நல்லது செய்கிறவன் வீட்டில் கெஞ்சுவதாவது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார்.

"இந்தா பாரு, இனிமே பொழுது சாஞ்சா இந்த ரூம்ல லைட் எரியக் கூடாது."

"சரிங்க" என்றாள், மெஷினை நிறுத்தாமலே.

இவ்வளவு சுளுவாக அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. "நெஜமாவா?"

"நெஜமாத்தான். பகல்ல தைச்சுக்கறேன். பகல்ல செய்யற சமையலும் பாத்திரமும் சாயங்காலத்துக்குத் தள்ளிப் போகும். அப்ப வீட்ல யாரு இருப்பா?"

"நான்தான்."

"அதான்."

"நீயும்தானே இருப்பே?"

"பகல் பூரா மெஷினை மிதிச்சவ காலை நீட்டி மாடியில கொஞ்சம் காத்து வாங்க வேணாமா?"

வான்காவலர் ஆகப்போகிறவர் பாத்திரத்துக்கெல்லாம் பயப்படலாமா? ஒப்புக்கொண்டார். சமையலறை ஜன்னல் வெளிச்சமும் மாடியைக் கெடுக்குமே என்று, டார்ச்சில் சிவப்புத் தாளைச் சுற்றி, அந்த வெளிச்சத்திலேயே சமைத்தார். வானம் பார்க்கிறவர்கள் கண் கூசாமல் இருக்கச் செய்கிற ஏற்பாடு அது. அடுப்படிக்கே விஞ்ஞானத்தைக் கொண்டுவந்தவன் நான்தான் என்று அலுவலகத்தில் ஒருத்தர் விடாமல் சொல்லிப் பெருமைப்பட்டார்.

என்ன கொடுமை என்றால், அளவெடுக்கிற நேரமும் உலை கொதிக்கிற நேரமும் ஒன்றாகவே வந்து தொலைத்தன.

"ஏங்க, நான் வேணா கருவியைப் பிடிக்கட்டா?" என்று மாடியிலிருந்து குரல் வரும்.

"தலைக்கு மேல தூக்கிப் பிடி. செவுத்தை விட்டுத் தள்ளி நில்லு. மொதல்ல வர்ற எண்ணை விட்டுடு, அது சரியா இருக்காது" என்று கரண்டியும் கையுமாகக் கீழேயிருந்து கத்துவார்.

பேக்கரிக்காரரிடம் போய் அண்டவெளியைப் பற்றி விளக்கு விளக்கென்று விளக்கினார். அவர் ஒரு பன்னைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். மனைவி ஒரு நடை போய் வந்தாள். மறுநாளே பலகை விளக்குகளுக்கு மேல் தகர மூடி வந்துவிட்டது.

"அப்படி என்னடி சொன்னே?"

"வெளிச்சத்தை மேல அனுப்பறீங்களே, வானத்துலேர்ந்து யாராச்சும் பன் வாங்க வர்றாங்களான்னு கேட்டேன்."

எண் மளமளவென்று ஏறியது. நம்ம உழைப்பு வீண்போகலை என்று ஆகாசம் பூரித்துப் போனார்.

சோதனை நாள் வந்தது. நிலவில்லாத மாலை. நிலையத்து அதிகாரியம்மா மாடி ஏறினார். வரவேற்புப் பேச்சை மனப்பாடம் செய்து வைத்திருந்த ஆகாசத்திடம், "முதல்ல டீ போட்டுக் கொண்டாங்க, பேச்சு எங்க ஓடிடப் போகுது" என்றாள் மனைவி. சிவப்பு டார்ச்சோடு இறங்கிப் போய், பார்த்துப் பார்த்துக் கலந்து எடுத்து வந்தார்.

இருட்டில் மனைவியின் குரல் கணீரென்று கேட்டது. "முதல் எண்ணை நாங்க சேர்க்கறதில்லைங்க மேடம். செவுரு கிட்டேயும் நிக்கறதில்லை." அடேயப்பா, என்ன சுத்தமாகச் சொல்கிறாள். என் பெண்டாட்டி என்று சொல்லிக்கொள்ள அவருக்குப் பெருமையாக இருந்தது.

அதிகாரியம்மா எண்ணைப் பார்த்துத் தலையாட்டினார். அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். ஒரு வாய் டீ குடித்தார். கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் வழிந்தது.

நம்ம வானம் இந்தம்மாவையே அழவைத்துவிட்டதே என்று சிலிர்த்துப்போய் ஆகாசம் தன் டீயைக் குடித்தார். சிவப்பு வெளிச்சத்தில் மிளகாய்த்தூளும் சர்க்கரையும் ஒரே நிறமாகத் தெரியும் என்பது அப்போதுதான் அவர் தொண்டைக்குப் புரிந்தது.

இருமி முடித்ததும் அதிகாரியம்மா தீர்ப்பைச் சொன்னார். "கருவி இங்கேயே வைக்கிறோம். வான்காவலர் இந்தம்மாதான். சார் சமையலைப் பாத்துக்கறதாலதான் இது முடிஞ்சுதாமே. டீயைத் தவிர எல்லாமே பிரமாதம்."

அவர் போனதும் ஆகாசம் தொண்டையைச் செருமினார். "சரி, காரியம் முடிஞ்சுது. இனிமே பழையபடி நீ சாயங்காலமே தைக்கலாம். லைட்டுக்கு ஏதாச்சும் வழி பண்ணிக்கலாம்."

அவள் பீரோவிலிருந்து கனத்த கறுப்புத் திரை ஒன்றை எடுத்து வந்து தையல் அறைக் கூரைக் கண்ணாடிக்கு மாட்டினாள். விளக்குகள் அத்தனையையும் போட்டாள். ஆகாசம் மாடிக்கு ஓடிப் பார்த்தார். ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

"இதை எப்ப தைச்சே?" என்றார், இறங்கி வந்து.

"நீங்க நெஞ்சை நிமித்திக்கிட்டு வந்தீங்களே, அன்னிக்கே."

அவள் இன்னொரு சின்னத் திரையை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"இது எதுக்கு?"

"சமையக்கட்டு ஜன்னலுக்கு. நாளையிலேர்ந்து நீங்க நல்ல வெளிச்சத்துலயே சமைக்கலாம்."