முட்டியை ராவிய பல் டாக்டர்

ஒருவரின் ஈறில் ஊசி போட்டுவிட்டு, அது மரத்துப்போவதற்குள் பக்கத்து அறைக்குப் போய் ஒரு விண்வெளிப் படைவீரனின் முழங்கால் மூடிக்கு உப்புத்தாள் போட்டுவிட்டுத் திரும்பி வரக்கூடிய மனிதர் சென்னையில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் ஆழ்வார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு நேர் கீழே, தரைத்தளத்தில் கிளினிக் வைத்திருந்தார். பெயர்ப்பலகையில் பெயரும் பட்டங்களும் உண்டு. தெருவுக்கு அவர் வெறும் பல் டாக்டர்.

ஐம்பது வயது. குள்ளம். சற்றே முன்வந்த வயிறு. “கொஞ்சம் வலிக்கும்” என்பதைக்கூட மன்னிப்புக் கேட்கிற குரலில்தான் சொல்வார். இப்படிப்பட்டவருக்கு ஒருநாள் ஃபிரிட்ஜ் அளவுக்கு ஒரு அட்டைப்பெட்டி கூரியரில் வந்தது. உள்ளே கொண்டுபோக நானும் ஒரு கை கொடுத்தேன்.

“புது சேரா டாக்டர்?”

“இல்ல சார். கவசம்.”

“யாருக்கு?”

“எனக்குத்தான்.”

தயிர் வாங்கி வந்ததைப் போலச் சொன்னார். விண்வெளிப் படங்களில் தலைமுதல் கால்வரை மூடிக்கொண்டு வருவார்களே, அந்த மாதிரிக் கவசம். முழுசாக வராதாம். பிளாஸ்டிக் துண்டுகளாக வரும். நாமே வெட்டி, தேய்த்து, ஒட்டி, வர்ணம் அடித்து, வார் வைத்து உடம்பில் கட்டிக்கொள்ள வேண்டும். அவருடைய வீடு நங்கநல்லூரில். அங்கே பசை நாற்றம் வந்தால் தானும் அதுவும் ஒரே கூரையின் கீழ் இருக்க முடியாது என்று மனைவி சொல்லிவிட்டதால் பெட்டி கிளினிக்குக்கு வந்திருந்தது.

“எதுக்கு டாக்டர் இதெல்லாம்?”

“சும்மா ஒரு ஹாபி சார். பிபிக்கு நல்லதாம்.”

கூடவே ஒரு வழிகாட்டிப் புத்தகம் இருந்தது. கொஞ்சமாக வெட்டு, போட்டுப் பார், பிறகு இன்னும் கொஞ்சம் வெட்டு என்று அதன் முதல் பக்கத்திலேயே புதியவர்களுக்கு எச்சரிக்கை. டாக்டர் படங்களை மட்டும் பார்த்தார். “வாய்க்குள்ள இருட்டுல வேலை பண்றவன் சார் நான். இதெல்லாம் வெளியில, வெளிச்சத்துல இருக்கு” என்றார். அன்று மாலையே இரண்டு முன்னங்கைத் துண்டுகளையும் கெண்டைக்கால் என்று நினைத்து வெட்டி முடித்தார். அவை காலில் ஏறவில்லை. கையில் போட்டால் வளையலைப் போலச் சுற்றின.

அடுத்த சிக்கல் வயிறு. கவசம் உயரமான, ஒட்டிய வயிறுள்ள வெளிநாட்டு வீரனுக்குச் செய்தது. டாக்டருக்கு நெஞ்சுத்தகடு தொடைவரை வந்தது. வயிற்றுத்தகடு இரண்டு பக்கமும் சேரவே இல்லை. நீளத்தை வெட்டினார். இடைவெளியில் மிச்சத் துண்டை வைத்து, விளிம்புகளைப் பல் அடைக்கிற சிமெண்டால் பூசினார். வாய் கொப்பளிக்காமல் ஃபில்லிங் முடித்துக்கொண்ட ஒரே வயிறு அதுவாகத்தான் இருக்கும்.

வெட்டவும் தேய்க்கவும் அவரிடம் இருந்தது பல் குடைகிற மெஷின்தான். அதன் சத்தம் வாசல்வரை கேட்கும். முன்னறையில் நூர்ஜஹான் அக்கா உட்கார்ந்திருப்பார். சீட்டு எழுதுவது, கருவி கழுவுவது, வருகிறவர்களுக்குத் தைரியம் சொல்வது எல்லாம் அவர் வேலை. ஒருநாள் நான் இருக்கும்போதே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்த ஒருவர், உள்ளே இவ்வளவு நேரமாக யாருக்கு என்ன நடக்கிறது என்று கவலையாகக் கேட்டார்.

“உள்ள யாரும் இல்லீங்க” என்றார் அக்கா. “டாக்டரு முட்டிய ராவிக்கினு கீறாரு. ஒக்காருங்க, அடுத்தது நீங்கதான்.”

வந்தவர் தன் முழங்காலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு வலி குறைந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்படிப் பலர் போனார்கள். “இன்னா சார் நீ, இப்டியே போனா நாம ரெண்டு பேருதான் மாத்தி மாத்திப் பல்லு காட்டிக்கினு ஒக்காரணும்” என்று அக்கா முகத்துக்கு நேரே சொன்னார். டாக்டர் தலையை ஆட்டிவிட்டு இடது தொடையை ஒட்டப் போனார்.

அந்தத் தொடைதான் மானத்தை வாங்கியது. தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் கடைவாய்ப் பல் பிடுங்க வந்திருந்தார். ஊசி போட்டாயிற்று. மரத்துப்போகட்டும் என்று டாக்டர் பக்கத்து அறைக்குப் போனார். திரும்பி வரும்போது வலது கையோடு தொடைத்தகடும் வந்தது. விரல்கள் பசையில் ஒட்டிக்கொண்டுவிட்டன. அவர் இழுக்க, அக்கா இழுக்க, நாற்காலியில் மல்லாந்து கிடந்த அண்ணாச்சி மரத்த வாயால் மெதுவாகக் கேட்டார்: “டாக்டரய்யா, பிடுங்க வேண்டியது எம் பல்லுதான? நீங்க எதைப் பிடுங்கிட்டு இருக்கீய?”

ஆனாலும் கவசம் முடிந்தது. நீலம் கலந்த சாம்பல் வர்ணம் காய்ந்தது. நந்தனம் பக்கம் ஓர் அரங்கில் காமிக்ஸ் ரசிகர்களின் வேஷத் திருவிழா. ஞாயிறு காலை நானும் அக்காவும் சேர்ந்து அவருக்கு வார்களை இழுத்துக் கட்டினோம். கட்டி முடித்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. அவரால் உட்கார முடியாது. ஆட்டோவில் ஏற்றிப் பார்த்தோம். பாதிதான் உள்ளே போனார். கடைசியில் சாமான் ஏற்றுகிற குட்டி யானை வண்டி ஒன்றைப் பிடித்து, பின்னால் நிற்க வைத்து, விழாமல் இருக்க நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். சிக்னலில் பைக்கில் வந்தவர்கள் எல்லாம் படம் எடுத்தார்கள். டிரைவர் தலையை வெளியே நீட்டி, “சார், இது எந்தக் கட விளம்பரம்? மைக் ஒண்ணு வச்சிருந்தா இன்னும் சோக்கா இருந்திருக்கும்ல” என்றார்.

அரங்கத்தில் நுழைந்ததும் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. நாலு பக்கமிருந்தும் குழந்தைகள் அவரைப் பார்த்து ஓடி வந்தார்கள். கையைப் பிடித்தார்கள். வயிற்றில் தட்டிப் பார்த்தார்கள். “அங்கிள், ஒரு செல்ஃபி” என்று ஒரு வரிசையே நின்றது. இடது தொடை கழன்று விழுந்தது, யாரும் பொருட்படுத்தவில்லை. டாக்டர் அசையாமல் நின்றார். உள்ளே வேர்த்து, மூச்சு புஸ்புஸ்ஸென்று வருவது எனக்குக் கேட்டது. ஹெல்மெட்டைக் கழற்றி ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சொல்லிக் கெஞ்சினேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினார். கால்கள் தள்ளாடத் தொடங்கியதும் நானே கழற்றிவிட்டேன்.

வரிசையில் அடுத்து நின்ற சின்னப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். “அம்மா, பல் டாக்டர்” என்று கத்திவிட்டு அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். போன வாரம்தான் கிளினிக்குக்கு வந்திருந்தாளாம்.

டாக்டர் தண்ணீர் பாட்டிலை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். “ஒரு மால்ல இந்த மாதிரி வேஷம் போட்டவர் ஒருத்தரைப் பாத்தேன் சார்” என்றார் மெல்லிய குரலில். “குழந்தைங்க எல்லாம் அவர்கிட்ட ஓடி வந்துச்சு. கிளினிக் ஆரம்பிச்ச நாள்லேருந்து என்னைப் பாத்து யாரும் ஓடி வந்ததில்ல. பாத்துட்டு ஓடிப்போனவங்கதான்.”

பிபி எல்லாம் பொய் என்று அப்போதுதான் புரிந்தது. ஹெல்மெட்டை மறுபடி மாட்டிவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் அம்மாவின் துப்பட்டாவுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். இரண்டடி தள்ளி நின்று, “உள்ள நீங்கதானே?” என்று கேட்டாள்.

“இல்லம்மா” என்றது ஹெல்மெட். “டாக்டர் கிளம்பிப் போயிட்டாரு.”

அவள் யோசித்தாள். பிறகு பக்கத்தில் வந்து அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டாள். படம் எடுத்தோம். எதற்கும் இருக்கட்டும் என்று வாயை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள்.

கவசம் இப்போது முன்னறை மூலையில் நிற்கிறது. டாக்டர் வழக்கம்போலப் பல் பிடுங்குகிறார். எனக்குப் பல்லில் ஒரு குறையும் இல்லை; ஆனாலும் சாயங்காலங்களில் கீழே போய் அவரோடு கொஞ்சம் பேசிவிட்டு வருகிறேன். மாடிப்படியில் வழக்கமாக நிதானமாக இறங்குகிறவன் நான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் தெரிந்துவிட்டால், கடைசிச் சில படிகளை ஓடியே இறங்கிவிடுகிறேன்.